நான்கு மாதம் கழித்துத் திறந்தால்

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஓர் ஆசிரியை கேட்ட கேள்வி இது. அவர் கையில் மூன்று நாவல்கள், மூன்றும் பாதியில். முதலாவது, 1998-இல் ஒரு மாங்காய் மண்டிக் குடும்பத்தின் கதை. இரண்டாவது, அதே குடும்பத்தின் மகள் 2015-இல் ஓசூர்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் கதை. மூன்றாவது நடுகல் ஒன்றைச் சுற்றிய சரித்திர நாவல்; அதன் முதல் நாற்பது பக்கம் 2006-இல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. எல்லாம் வேர்டு கோப்புகள். பெயர்கள் ‘கடைசி’, ‘கடைசி புதியது’, ‘இதுதான் கடைசி’. எந்த மென்பொருளுக்கு மாறலாம், மூன்றையும் ஒன்றாக வைப்பதா தனித்தனியாகவா, பஸ்ஸில் போனில் எழுதுவதை எப்படிச் சேர்ப்பது என்கிறார்.

டீச்சர், மென்பொருளின் பெயருக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நான் வைத்திருக்கும் ஒரே ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன். முழுப் பரீட்சை, விடைத்தாள் திருத்தம், ஊர்த் திருவிழா எல்லாம் வரிசையாக வந்து ஒரு நாவலை நான்கு மாதம் தொடாமல் விட்டுவிடுகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி திறக்கிறீர்கள். எத்தனை நிமிடத்தில் அடுத்த வாக்கியத்தை எழுதத் தொடங்குகிறீர்கள்? பத்து நிமிடத்துக்குள் என்றால் உங்கள் ஏற்பாடு சரி, அது நாற்பது பக்க நோட்டுப் புத்தகமாக இருந்தாலும் சரி. முதலிலிருந்து நூற்றைம்பது பக்கத்தையும் படித்து, வழியில் முப்பது இடத்தில் காற்புள்ளியைத் திருத்தி, விளக்கு வைக்கிற நேரத்தில் களைத்துப்போய் மூடிவைக்கிறீர்கள் என்றால் அந்த ஏற்பாடு என்ன விலைக்கு வாங்கியதானாலும் உதவாது.

ஒரே நாவலை எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. கதை முழுவதும் தலைக்குள் சூடாகவே இருக்கும். மூன்று எழுதுகிறவருக்கு எப்போதும் இரண்டு ஆறிப்போய்த்தான் கிடக்கும். ஆறிப்போன நாவலுக்குத் திரும்பி வரப் பாதை போட்டு வைப்பதைத்தான் நான் ஒழுங்குபடுத்துவது என்று சொல்வேன். கீழே எழுதுவதையெல்லாம் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தருமபுரியில் டி.டி.பி. கடை வைத்து இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கூத்து நோட்டீஸ், நடுநடுவே புத்தகங்கள். நானே எழுதி முடித்த நாவல்கள் இரண்டு, முடிக்காதவை நான்கு. ஒருமுறை ஒருவர் பென்டிரைவில் நாவல் கொண்டுவந்தார். உள்ளே பதினேழு கோப்புகள். எது கடைசி வடிவம் என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் அன்று காலை ஒருமுறை திறந்து சேமித்திருந்ததால் தேதியும் கைகொடுக்கவில்லை. கதாநாயகி எந்தெந்தக் கோப்பில் செத்துப்போகிறாள் என்பதை வைத்துத்தான் இருவரும் உட்கார்ந்து கண்டுபிடித்தோம்.

ஒன்றாகவா தனியாகவா என்பதற்கு என் பதில்: உலகம் ஒன்றென்றால் பெட்டியும் ஒன்று. உங்கள் முதல் இரண்டு நாவல்களும் ஒரே வீட்டில் நடப்பவை. 1998-இல் அம்மாவின் வலது கையில் மாங்காய்ப்பால் பட்டு வெந்த தழும்பு இருந்தால், 2015-இல் அதே கைதான் மகளின் பெட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு நாவலும் இரண்டு கோப்பில் இருந்தால் என்றாவது தழும்பு இடது கைக்குப் போய்விடும்.

தழும்பாவது சிறியது. உங்கள் நாவலில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி. 1998-இல் உங்கள் மண்டிக்காரர் லாரி வாடகை ரசீதில் ஊர்ப்பெயர் எழுதினால் அது காவேரிப்பட்டணம், தருமபுரி மாவட்டம். அவர் மகள் 2015-இல் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் அதே வீடு கிருஷ்ணகிரி மாவட்டம். கதையில் ஒரு தாத்தா 1950-இல் அதே வீட்டில் பிறந்திருந்தால் அவருக்குச் சேலம் மாவட்டம், ஏனென்றால் தருமபுரி மாவட்டமே 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான் பிறந்தது. வீடு ஓரடி நகரவில்லை, மூன்று தலைமுறைக்கு மூன்று மாவட்டம். இது தெரிந்து எழுதினால் கதைக்கே ஒரு சுவை. தெரியாமல் எழுதினால் முதல் பிரதியைப் படிக்கிற நம் ஊர்க்காரர் யாராவது அட்டையில் பேனாவால் எழுதியே அனுப்பிவைப்பார். இந்த மாதிரி விஷயங்களுக்கு ‘ஆண்டுகள்’ என்று ஒரே ஒரு தாள் போதும். அந்தத் தாள் இரண்டு நாவலுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்க்ரிவெனரில் இதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த கீத் பிளவுண்ட் என்பவர் தாம் எழுத நினைத்த நாவலுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் தாமே உருவாக்கியது அது. 2007-இல் மேக் கணினிக்கும் 2011-இல் விண்டோஸுக்கும் வந்தது. இடது பக்கத்தில் பைண்டர் என்று ஒரு பட்டை இருக்கும். அதில் அச்சுக்குப் போகும் எழுத்துக்கென்று ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி உறை (ஃபோல்டர்). அதற்கு வெளியே ஆராய்ச்சி உறையும் நீங்கள் விரும்பும் வேறு உறைகளும். பிரதி உறைக்குள் ‘மண்டி’, ‘ஓசூர்’ என்று இரண்டு உறைகள் போடுங்கள். ஆட்கள், வீடு, ஆண்டுகள், கடன் கணக்கு எல்லாவற்றையும் வெளியே ‘பொது’ என்ற உறையில் வையுங்கள். முடிவில் கோப்பாக வெளியே எடுக்கும்போது, அதைக் கம்பைல் என்பார்கள், முழுப் பிரதியையும் எடுக்கத் தேவையில்லை. ‘மண்டி’ உறையை மட்டும் தேர்ந்தெடுத்தால் அந்த நாவல் மட்டும் வரும். ஒரு பெட்டிக்குள் இரண்டு நாவல் என்பதற்கு இதற்குமேல் வித்தை எதுவும் இல்லை.

நடுகல் நாவல் தனி. அதன் மொழி வேறு, ஆட்கள் வேறு, தேடும் சொற்களும் வேறு. மூன்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டு ‘கல்’ என்று தேடிப் பாருங்கள். ஒகேனக்கல், பகல், நகல், கல்யாணம் என்று ஊரே கூடி வந்து நிற்கும். இரண்டு புராஜெக்டையும், அதாவது இரண்டு பெட்டியையும், பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போட்டால் நகலும் ஆகிவிடும். நடுகல் படங்களை மட்டும் உள்ளே திணிக்காதீர்கள். தருமபுரி அருங்காட்சியகத்துக் கற்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தால் படங்கள் குவிந்துவிடும், ஒவ்வொரு முறை காப்பு நகல் எடுக்கும்போதும் அவ்வளவும் கூடவே போகும். படங்கள் வெளியே ஒரு உறையில் இருக்கட்டும், உள்ளே கோப்பின் பெயர் மட்டும் போதும்.

எந்த நாவலிலும் சேராத வரிகள் வரும். பஸ்ஸில் கேட்ட பேச்சு, கனவு, யாரோ சொன்ன சாபம். அவற்றுக்கு ‘உதிரி’ என்று தனியாக ஒரு கோப்பு. அதை ஒழுங்குபடுத்த முயலாதீர்கள். தானியக் குதிரில் யாரும் மணிகளை வரிசைப்படுத்துவதில்லை.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. எழுதி முடித்து மூடும்போது, களைப்பாக இருந்தாலும், கடைசியாக இரண்டு மூன்று வரி எழுதிவிட்டு மூடுங்கள். மேயவிட்ட மாட்டை முளையடித்துக் கட்டிவிட்டு வருகிறோமே, அதுபோல. நான் இதை முளை என்றே எழுதுவேன். உங்கள் மண்டி நாவலுக்கு ஒரு முளை இப்படி இருக்கலாம்:

‘செல்வம் கணக்கு நோட்டை ஒளித்தது அம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பது இவனுக்குத் தெரியாது. அடுத்து லாரி வர வேண்டும். இன்னும் மழை தொடங்கவில்லை. தரகருக்கு எவ்வளவு பாக்கி என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.’

இதில் கதைச் சுருக்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடந்தது என்ன என்பதைப் பழைய பக்கங்களே சொல்லிவிடும். யாருக்கு எது தெரியும், அடுத்த அசைவு என்ன, எது இன்னும் முடிவாகவில்லை என்ற மூன்றும்தான் நான்கு மாதத்தில் தலையிலிருந்து ஆவியாகிவிடுகிறவை. வானிலையையும் சேர்த்து எழுதுவது என் பழக்கம். என் நாவல் ஒன்றில் ஒரே மதியத்தில் அடைமழையும் கொளுத்தும் வெயிலும் வந்து, பிழை பார்த்தவர் ‘இது எந்த ஊர்?’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்ததிலிருந்து வந்த பழக்கம். முளைகளை ஒவ்வொரு நாவலிலும் மேலே ஒரே பக்கத்தில், புதியது முதலில் வருமாறு, தேதியோடு வையுங்கள். பழைய முளைகளை அழிக்க வேண்டாம்.

காட்சி அட்டைகளுக்கு வருகிறேன். ஸ்க்ரிவெனரில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அட்டை உண்டு. கார்க் பலகையில் குத்திவைத்ததுபோல் எல்லா அட்டைகளையும் சேர்த்துப் பார்க்கலாம், இழுத்து இடம் மாற்றலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘செல்வமும் அம்மாவும் சண்டை’ என்று எழுதி வைப்பார்கள். நாவலில் இருபது சண்டை இருக்கும். சண்டைக்குப் பிறகு எது மாறியது என்று எழுதினால்தான் அட்டைக்குப் பயன்: ‘இதற்குப் பிறகு சாவி அம்மாவிடம் இல்லை.’ துண்டின் தலைப்பையும் ‘அத்தியாயம் 7’ என்று போடாதீர்கள். நாளைக்கு இரண்டு துண்டு முன்னும் பின்னும் போனால் ஏழு ஒன்பதாகிவிடும். ‘சாவி’ என்று தலைப்பு இருந்தால் எங்கே போனாலும் அது சாவிதான். எண்ணை மென்பொருளே கடைசியில் போட்டுக்கொள்ளும்.

லேபிளுக்கு வண்ணம், நிலை, முக்கியச் சொல், இன்னும் பத்து வசதி உண்டு. நான் பயன்படுத்துவது ஒரே ஒரு வண்ணம்: இட்டு நிரப்ப வேண்டிய இடத்துக்குச் சிவப்பு. வண்ணம் தீட்டிக்கொண்டே ஒரு மாதம் கழித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் தொல்லையை இந்த மென்பொருள்களின் விளக்கக் குறிப்புகளில் தேடினால் கிடைக்காது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன். தேடுவதும் பெயர் மாற்றுவதும். செல்வம் என்ற பெயர் நம் பக்கத்து மண்டிக்காரருக்குப் பொருந்தவில்லை, மாதையன் என்று மாற்றலாம் என்று ஒருநாள் தோன்றும். ‘செல்வம்’ என்பதை ‘மாதையன்’ என்று மொத்தமாக மாற்றச் சொல்வீர்கள். செல்வம் எங்கேயெல்லாம் தனியாக நிற்கிறானோ அங்கே மட்டும் மாறும். செல்வத்தை, செல்வத்திடம், செல்வத்துக்கு எல்லாம் அப்படியே இருக்கும். ஆக, ஒரு பத்தியில் மாதையன் உள்ளே வருவான், அம்மா செல்வத்தைத் திட்டுவாள். சரி, ‘செல்வ’ என்று வெட்டித் தேடி ‘மாதைய’ என்று மாற்றலாம் என்று போனால் அது இன்னும் கூத்து: ‘செல்வாக்கு’ என்பது ‘மாதையாக்கு’ ஆகும், ‘ஊருக்குச் செல்வது’ என்பது ‘ஊருக்குச் மாதையது’ ஆகும். சிரிக்காதீர்கள், இப்படி ஒரு பக்கம் என் கடையிலிருந்து பிழைதிருத்தத்துக்குப் போயிருக்கிறது.

வழி இருக்கிறது. யூனிகோடில், அதாவது இப்போது போனும் கணினியும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்து முறையில், மெய்யெழுத்து என்பது அகரம் ஏறிய எழுத்தும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறி. ‘ம்’ என்றால் ம, அதன்மேல் புள்ளி. ‘தை’ என்றால் த, அதோடு ஐகாரக் குறி. ஆகவே புள்ளியை விட்டுவிட்டுத் தேட வேண்டும். முதலில் ‘செல்வத்த’ என்பதை ‘மாதையன’ என்று மாற்றுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் குறி அப்படியே இந்த னகரத்தில் ஏறிக்கொள்ளும்: செல்வத்தை மாதையனை ஆகும், செல்வத்திடம் மாதையனிடம் ஆகும், செல்வத்தோடு மாதையனோடு ஆகும். அடுத்து ‘செல்வம’ என்பதை ‘மாதையன’ என்று மாற்றுங்கள்; செல்வம், செல்வமும், செல்வமா, செல்வமே நான்கும் ஒன்றாக மாறிவிடும். செல்வாக்கும் செல்வதும் தப்பித்துக்கொள்ளும். பொருட்செல்வம் மட்டும் மாட்டிக்கொள்ளும் என்பதால் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘செல்வந்தான்’, ‘செல்வங்கூட’ என்று பேச்சில் எழுதியவற்றைக் கடைசியில் கையால் பிடிக்க வேண்டும். முழுச் சொல்லாகத் தேடு என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில மென்பொருள்கள் எழுத்தின் நடுவில் வெட்டித் தேட மறுக்கும். வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையை உங்கள் கோப்பிலேயே செய்து பாருங்கள், மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பிழையும் உண்டு. தருமபுரிப் பக்கத்து மலைப்பாதை ஊரான ‘தொப்பூர்’ என்ற சொல்லில் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் அந்த விதியைப் பார்க்காமல் குறிக்குக் குறி ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டும் இரண்டு சொல். நீங்கள் போனில் அடித்த தொப்பூரும் எழுத்துரு மாற்றியிலிருந்து வந்த தொப்பூரும் வேறு வேறாக இருந்தால், தேடும்போது பாதி மலைப்பாதை காணாமல் போகும். இதற்குத் துணையாக நாமே செய்யும் குழப்பம் வேறு: தருமபுரியா தர்மபுரியா, ஒகேனக்கல்லா ஹொகேனக்கல்லா, கேழ்வரகா கேவரகா. எதை எழுதினாலும் சரி, ஒன்றை முடிவுசெய்து ‘பொது’ உறையில் ‘எழுத்து வழக்கு’ என்று ஒரு தாளில் போட்டு வையுங்கள். பாத்திரம் பேசும்போது கேவரகு, கதை சொல்லும்போது கேழ்வரகு என்று முடிவு செய்தால் அதையும் அங்கேயே எழுதுங்கள். பதிப்பகத்துக்குப் போகும்போது அந்தத் தாளின் நகலையும் கூடவே கொடுத்தால் பிழை பார்க்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

சொல் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். இந்த மென்பொருள்கள் தினம் இத்தனை சொல் என்று இலக்கு வைக்கச் சொல்லும். பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாகச் சொல்வதைத் தமிழில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். போதாததற்கு, ‘போய்க்கொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் இரண்டு. இடைவெளி விட்டே இலக்கை எட்டிவிடலாம். நான் அந்தப் பட்டையை மறைத்துவிட்டேன், நாளுக்கு ஒரு காட்சி என்பதே என் கணக்கு.

‘கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்ற பெயர்களுக்கு மாற்று ஸ்க்ரிவெனரில் இருக்கும் ஸ்னாப்ஷாட். ஒரு துண்டைத் திருத்துவதற்கு முன் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த நேரத்து வடிவம் அப்படியே உள்ளே பதிந்துவிடும், பெயரும் போடலாம். வேண்டாம் என்றால் பழையதற்குத் திரும்பலாம். கோப்பு ஒன்றுதான் இருக்கும். வேறு விளக்கம் தேவையில்லை.

காப்பு எடுப்பதில் நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படாமல் இருக்க. கடையில் ஒரு கணினி, வீட்டில் ஒன்று, நடுவில் ஒரு கிளவுட் சேமிப்பு. ஸ்க்ரிவெனர் புராஜெக்ட் என்பது ஒரே கோப்பு இல்லை, உள்ளே நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட ஓர் உறை. ஒரு மாலை கடையில் புராஜெக்டை மூடாமலே இருந்தபோது கரண்ட் போய்விட்டது. பாதிக் கோப்புகள்தான் மேலே போயிருந்தன. நான் அது தெரியாமல் வீட்டுக்கு வந்து திறந்து இரண்டு காட்சி எழுதினேன். மறுநாள் கடையில் கணினியைப் போட்டதும் அங்கே மிச்சமிருந்தவை மேலே ஏறின. பைண்டரில் வரிசை குலைந்து, நான் எழுதிய இரண்டு காட்சியும் பெயரில்லாமல் ‘மீட்கப்பட்ட கோப்புகள்’ என்ற உறையில் கிடந்தன. எழுத்து போகவில்லை, ஆனால் எது எங்கே என்று அடுக்க இரண்டு இரவு ஆனது. தவறு முழுவதும் என்னுடையது. அதிலிருந்து விதி: ஓர் இடத்தில் மூடி, கிளவுட் வேலை முடிந்ததா என்று பார்த்து, பிறகுதான் மறு இடத்தில் திறப்பது. மடிக்கணினி ஒன்றே வைத்திருக்கும் உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தயவுசெய்து வலியப் போய் வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

மூடும்போதெல்லாம் ஸ்க்ரிவெனர் தானாகவே ஒரு காப்பு எடுக்கும், ஆனால் வழக்கமான அமைப்பில் கடைசி ஐந்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து முறை திறந்து மூடினால் ஐந்து காப்பும் அன்றையதே. காலையிலேயே ஏதாவது அழிந்திருந்தால் அழிந்த வடிவத்துக்கு ஐந்து நகல் கையில் இருக்கும். அந்த எண்ணை 25 ஆக்கிவிட்டு, காப்பு போய்ச்சேரும் இடத்தையும் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம், எழுத்தின் ஆயுள். ஸ்க்ரிவெனர் உள்ளே ஆர்.டி.எஃப். என்ற வடிவில் சேமிக்கிறது. அதில் தமிழ் எழுத்துகள் எண்களாக மாறி உட்கார்ந்திருக்கும். நோட்பேடில் திறந்தால் வெறும் எண் கூட்டம்தான் தெரியும், லிப்ரே ஆபிஸிலோ வேர்டிலோ திறந்தால் தமிழ் வரும். ஆபத்தில்லை. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் பூட்டிக்கொண்ட பிரதிகளை எத்தனையோ பார்த்தவன் என்பதால், மாதம் ஒருமுறை முழு நாவலையும் வெறும் உரைக் கோப்பாக வெளியே எடுத்து வைத்துவிடுவேன். வெறும் யூனிகோடு உரையைத் திறக்க எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டியதில்லை.

இப்போது எது வாங்குவது. ஸ்க்ரிவெனர் ஏறத்தாழ 60 டாலர், ஒருமுறை கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. சோதனைக் காலம் 30 நாள், அதுவும் நீங்கள் திறந்த நாள்கள் மட்டுமே கணக்கு. ஞாயிறு மட்டும் எழுதுகிறவருக்கு 30 ஞாயிறு, ஏழு மாதம். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாவலையே முடித்துவிடலாம் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. ஆண்ட்ராய்டு போனுக்கு அது இல்லை. போனிலும் கணினியிலும் ஒரே கோப்பு வேண்டும் என்றால் அப்சிடியன் என்ற குறிப்புச் செயலி. நம் உபயோகத்துக்கு இலவசம், எல்லாம் சாதாரண உரைக் கோப்பு, ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு இணைப்பு போடுவது மிக எளிது, நாவல் எழுதுவதற்கென்று லாங்ஃபார்ம் என்ற செருகு நிரலும் உண்டு. ஆனால் கடைசியில் வேர்டு கோப்பாக வெளியே எடுக்கும்போது கொஞ்சம் பாடுபட வேண்டும். நாவல்ரைட்டர், ஒய்ரைட்டர் இரண்டும் இலவசம், இரண்டும் காட்சி காட்சியாக எழுதுகிறவர்களுக்கானவை.

எதுவுமே வேண்டாம் என்றால் வேர்டிலேயே தலைப்பு ஸ்டைல் போட்டு எழுதுங்கள். வழிசெலுத்தும் பட்டையில் தலைப்பை இழுத்தால் அதன் கீழிருக்கும் எழுத்தும் சேர்ந்து நகரும். லிப்ரே ஆபிஸில் எஃப்5 அழுத்தினால் அதே வசதி. பத்து பேரில் ஆறு பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். கடைக்கு வருகிறவர்கள் இந்தப் பதிலை விரும்புவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஸ்க்ரிவெனர். இரண்டு நாவல் ஒரே வீட்டில் நடப்பதுதான் காரணம். பஸ்ஸில் எழுதுவதை நேரே நாவலுக்குள் போடாதீர்கள். போனில் இருக்கும் ஏதாவது ஒரு குறிப்புச் செயலியில் எழுதுங்கள், முதல் வரியில் ‘மண்டி’ அல்லது ‘ஓசூர்’ என்று போடுங்கள். ராத்திரி கணினியில் ஒட்டும்போது ஒருமுறை படித்துத் திருத்தி ஒட்டுங்கள். அந்தப் பத்து நிமிடம் வீண் என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு நாவல் ஆறாமல் இருப்பது அந்தப் பத்து நிமிடத்தால்தான்.

மூன்றையும் ஒரே வாரத்தில் எழுத முயல வேண்டாம். ஒன்று அடுப்பில், இரண்டு பரணில். பரணில் இருப்பவற்றுக்கு முளை இருக்கிறதா என்று மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். மாங்காய்க் காலத்தில் மண்டி நாவலை அடுப்பில் ஏற்றுங்கள். அந்த வாசனையும் ஈக்களும் லாரி ஹாரனும் உங்கள் பஸ் ஜன்னலுக்கே வரும்போது நினைவிலிருந்து எழுதுவானேன்?

கடைசியாக அந்தப் பாமினி நாற்பது பக்கம். பாமினியில் ‘அம்மா’ என்பது கணினியைப் பொறுத்தவரை நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருந்தால்தான் அம்மா. ஆகவே புதிய மென்பொருளுக்குள் கொண்டுபோவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு. ஐந்து பக்கம் ஐந்து பக்கமாக மாற்றுங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். மோசமான மாற்றி இதைத் திருப்பத் தவறிவிடும், கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். புள்ளி வட்டம் எங்காவது தெரிகிறதா என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள், தெரிந்தால் வேறு மாற்றிக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டி அடித்திருந்தால் அவற்றையும் நீக்க வேண்டும். அது ஒரு சாயங்கால வேலை.

உங்கள் நாவல் நடுகல் என்பதால் தகடூரும் அதியமானும் வராமல் இருக்க மாட்டார்கள், அவர்களோடு ஔவையாரும் வருவார். பழைய எழுத்துருக்களில் ஔ என்பதை ஒகரமும் ளகரமுமாக இரண்டு தட்டில் அடிப்பதே வழக்கம். சில மாற்றிகள் அதை அப்படியே கொண்டுவந்துவிடும். மாற்றி முடித்த கோப்பில் ஔவை என்று தேடிப் பாருங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் ஒ, ள, வை என்று மூன்றெழுத்தாக அடித்துத் தேடுங்கள், அங்கே இருப்பார்.